"கமிஷன் இல்லை" என்று சொல்லும் ஃபாரெக்ஸ் புரோக்கர் உங்களிடம் எவ்வளவு எடுக்கிறார்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மச்சினன், தன் ஃபாரெக்ஸ் (ஒரு நாட்டுக் கரன்சியை இன்னொன்றுக்கு எதிராக வாங்கி விற்கும்) கணக்கின் நான்கு மாத ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்பினான். "எங்க தப்பு பண்றேன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க மாமா" என்று ஒரு வரி மட்டும். 1,500 டாலர் போட்டு ஆரம்பித்திருக்கிறான். 412 டிரேடு, எல்லாமே யூரோ-டாலர், எல்லாமே 0.1 லாட், அதாவது 10,000 யூரோ அளவு. கடைசியில் 540 டாலர் நஷ்டம். கமிஷன் என்ற பத்தியில் 412 வரியிலும் 0.00 என்றே இருந்தது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த புரோக்கரின் விலைப் பதிவுகளைப் பார்த்ததில் சராசரி ஸ்பிரெட், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, 1.6 பிப் வந்தது (பிப் என்பது விலையை அளக்கும் சிறிய அலகு). 0.1 லாட்டுக்கு ஒரு பிப் ஒரு டாலர். ஆக 412 டிரேடுக்கு 659 டாலர். இரவு தாண்டி வைத்திருந்ததற்கு ஸ்வாப் என்ற இரவுக் கட்டணம் 118 டாலர். மொத்தம் 777. நஷ்டமோ 540 தான். அப்படியானால் செலவைக் கழிப்பதற்கு முன்னால் அவன் 237 டாலர் லாபத்தில் இருந்திருக்கிறான். நான்கு மாதமாகத் தனக்கு மார்க்கெட் புரியவில்லை என்று நினைத்துத் தூக்கம் கெட்டவன் அவன். அவன் கணிப்பில் பெரிய தப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு டிரேடிலும் வாசலிலேயே பணம் போயிருக்கிறது, அந்தப் பணத்துக்கு ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

நான் சொல்ல வந்தது இதுதான்: சில்லறை ஃபாரெக்ஸ் வியாபாரத்தில் பெரும்பாலும் மிகப் பெரிய கட்டணத்துக்குத்தான் தனி வரி இருப்பதில்லை. அது விலைக்குள்ளேயே கலந்துவிடுகிறது. அதைத் தேடி எடுக்கும் வழியைக் கீழே எழுதுகிறேன். ஒரு பேனாவும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் ஒரு வேலை: நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

இந்தியாவில் வசிப்பவர் என்றால் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம், அதாவது ஃபெமா 1999-இன்படி, ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலோ, என்எஸ்இ, பிஎஸ்இ, எம்எஸ்இ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோ மட்டும்தான் ஆன்லைனில் கரன்சி டிரேடு செய்யலாம். வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்திலும், வெளிநாட்டு டிரேடிங் மார்ஜினுக்கு (டிரேடுக்கு ஈடாகக் கட்டும் பணம்) அனுப்பக் கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட ஃபெமாவில் இடம் இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களுடன் ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. அது அதற்கப்புறம் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒரு தளம் அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. இதை ரிசர்வ் வங்கியே தெளிவாகச் சொல்கிறது. யூடியூப்பிலும் டெலிகிராமிலும் தமிழில் பேசி உங்களைக் கூப்பிடும் பலர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்தியச் சந்தையில் புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், செபி கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் காண்ட்ராக்ட் நோட்டில் வரி வரியாக வரும். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து, ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டுக் கடன் என்று உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருப்பவர்தான் ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி ஒப்பந்தங்களில் இறங்கலாம் என்ற விதி கறாராக நடைமுறையில் இருக்கிறது. சும்மா ஊகம் செய்ய அங்கே இடமில்லை.

இனி வரும் படிகள் லண்டனிலோ மெல்போர்னிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு, அந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு.

படி 1: ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு என்று பாருங்கள்

ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான்கைந்து நிறுவனங்கள் இருக்கும். லண்டனில் ஒன்று, சைப்ரஸில் ஒன்று, ஏதாவது ஒரு தீவில் ஒன்று. விளம்பரத்தில் லண்டன் உரிமம் தெரியும், நீங்கள் கையெழுத்துப் போடுவது தீவு நிறுவனத்தோடு. இணையதளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் முழுப் பெயரையும், நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரையும் ஒப்பிடுங்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் பதிவு செய்த நிறுவனம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நாட்டு நிதிச் சேவை ஆணையமே, தாங்கள் ஃபாரெக்ஸ் புரோக்கர்களுக்கு உரிமம் தருவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

இது கட்டணத்தோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி முதல், எல்லாச் செலவையும் கூட்டி பணமாகவும் சதவீதமாகவும் காட்ட வேண்டும் என்பது விதி. தீவு நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கே ஒரு நல்ல வழி உண்டு: உங்கள் புரோக்கருக்கு ஐரோப்பியக் கிளை இருந்தால், அந்தக் கிளையின் தளத்துக்குப் போய் "முக்கியத் தகவல் ஆவணம்" (Key Information Document) என்று தேடி எடுத்துப் படியுங்கள். உங்களுக்குச் சொல்லாத செலவுப் பட்டியல் அங்கே இருக்கும். தொகை மாறலாம், ஆனால் எந்தெந்தத் தலைப்பில் எடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

படி 2: எல்லாவற்றையும் பிப்புக்கு மாற்றுங்கள்

யூரோ-டாலரில் ஒரு பிப் என்பது 0.0001. ஒரு முழு லாட் 1,00,000 யூரோ, அதில் ஒரு பிப் 10 டாலர். 0.1 லாட்டில் ஒரு டாலர், 0.01 லாட்டில் 10 சென்ட். பல டிரேடிங் மென்பொருள்களில் விலை ஐந்து தசம இடம் வரை வரும். அங்கே ஸ்பிரெட் 14 என்று காட்டினால் அது 14 பிப் இல்லை, 1.4 பிப். இந்தக் குழப்பத்திலேயே பலர் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது இரண்டு விளம்பரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று "கமிஷன் இல்லை, ஸ்பிரெட் 1.4". மற்றது "ஸ்பிரெட் 0.0 முதல், கமிஷன் வெறும் 3.5 டாலர்".

இரண்டாவதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சொல் "முதல்". 0.0 என்பது நாளில் எப்போதாவது ஒரு நொடி வந்துபோகும் எண். உங்களுக்கு வேண்டியது சராசரி. அதிலும் நீங்கள் டிரேடு செய்யும் நேரத்தின் சராசரி. அடுத்தது, 3.5 டாலர் எதற்கு என்பது. பெரும்பாலும் அது ஒரு முழு லாட்டுக்கு, அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். வாங்கும்போது 3.5, விற்கும்போது 3.5, ஆக 7 டாலர், அதாவது 0.7 பிப். சராசரி ஸ்பிரெட் 0.2 என்று வைத்தால் மொத்தம் 0.9 பிப். முதல் விளம்பரத்தின் 1.4-ஐ விட இது மலிவுதான், ஆனால் 0.0 இல்லை. "கமிஷன் இல்லை" என்று சொன்னவரோ இரண்டில் அதிகமாக எடுப்பவராக இருக்கிறார்.

சராசரியை அவர்கள் சொல்லும் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள், தினமும் ஆறு முறை, உண்மையான பணம் போட்ட கணக்கில். டெமோ கணக்கில் பார்ப்பதில் பயனில்லை, அங்கே ஸ்பிரெட் வேறாக இருக்கலாம். இரண்டு நேரங்களைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று, நியூயார்க் மாலை 5 மணி. இந்திய நேரப்படி கோடையில் விடிகாலை 2:30, குளிர்காலத்தில் 3:30. வங்கிகள் ஒரு நாள் கணக்கை முடித்து அடுத்த நாளுக்கு மாறும் நேரம் அது, ஸ்பிரெட் பல மடங்கு விரியும். இன்னொன்று அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகும் நேரம், பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நியூயார்க் காலை 8:30. ஸ்டாப் லாஸ் (இந்த விலை வந்தால் டிரேடைத் தானாக முடித்துவிடு என்ற உத்தரவு) வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், விலை அங்கே போகாமலேயே ஸ்டாப் அடிபட்டதாகச் சொல்வார்கள். பல நேரம் விலை நகர்ந்திருக்காது. ஸ்பிரெட் விரிந்து போய்த் தொட்டிருக்கும்.

படி 3: உங்கள் பணத்தில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்

1.4 பிப் என்பது டிரேடு மதிப்பில் சுமார் 0.013 சதவீதம். புரோக்கர் இந்த எண்ணைத்தான் காட்டுவார், கேட்கவும் சின்னதாக இருக்கும். ஆனால் லெவரேஜ், அதாவது போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு பெரிய டிரேடு எடுக்கும் வசதி, இருக்கிறதே! 500 டாலர் போட்டவர் ஒரு முழு லாட் எடுத்தால் ஸ்பிரெட் 14 டாலர். அவர் பணத்தில் 2.8 சதவீதம், ஒரே டிரேடில்.

சிறிதாகவே செய்கிறேன் என்பவர் கணக்கு இதோ. 0.1 லாட், தினம் 20 டிரேடு, 1.4 பிப். ஒரு நாளுக்கு 28 டாலர். மாதம் 20 நாள் என்றால் 560 டாலர். போட்டதே 500. முழு முதலையும் ஒரு மாதத்தில் கட்டணமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் லாபம் பார்க்க வேண்டும்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். 5 பிப் லாபம், 5 பிப் நஷ்டம் என்று வைத்து விளையாடுகிறவருக்கு, 1.4 பிப் செலவு போனால் ஜெயித்தால் 3.6, தோற்றால் 6.4. நஷ்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 64 முறை ஜெயிக்க வேண்டும். அதே ஆள் 50 பிப், 50 பிப் என்று வைத்தால் 51.4 முறை போதும். ஸ்கால்ப்பிங் (சில பிப் லாபத்துக்காக அடிக்கடி வாங்கி விற்பது) சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதாக நான் பார்த்ததில்லை. எழுதினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், போகட்டும், அவர்கள் பணமாவது மிஞ்சும்.

ஐரோப்பியச் சந்தை ஆணையமான எஸ்மா 2018-இல் சில்லறை சிஎஃப்டி (பொருளை வாங்காமல் விலை மாற்றத்தின் மேல் மட்டும் போடும் ஒப்பந்தம்) கணக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, 74 முதல் 89 சதவீதக் கணக்குகள் பணம் இழக்கின்றன என்று சொன்னது. லெவரேஜை முக்கியக் கரன்சி ஜோடிகளுக்கு 30 மடங்குக்குள் அடக்கியது, போனஸ் போன்ற தூண்டில்களைத் தடை செய்தது. லெவரேஜ் ஏறினால் கட்டணமும் உங்கள் பணத்தோடு ஒப்பிடும்போது அதே அளவு ஏறும். 500 மடங்கு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், 500 மடங்கு பெரிய தொகைக்கு ஸ்பிரெட் கட்டச் சொல்கிறார் என்றும் அதற்குப் பொருள்.

படி 4: இரவுக் கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள்

டிரேடை நியூயார்க் மாலை 5 மணி தாண்டி வைத்திருந்தால் ஸ்வாப் பிடிப்பார்கள். இதற்கு நியாயமான அடிப்படை உண்டு. யூரோ வாங்குவது என்றால் டாலரைக் கடன் வாங்கி யூரோவில் வைப்பது. யூரோவில் வட்டி 2 சதவீதம், டாலரில் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 2 சதவீதம் உங்கள் தலையில். விலை 1.10 என்றால் ஒரு லாட்டின் மதிப்பு 1,10,000 டாலர், ஒரு இரவுக்கு சுமார் 6.1 டாலர். யூரோவை விற்றவருக்கு அதே 6.1 டாலர் வரவேண்டும்.

இப்போது உங்கள் மென்பொருளில் கரன்சி ஜோடியின் மேல் அழுத்தி ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத் திறங்கள். ஒரு லாட்டுக்கு, வாங்கினால் −9 டாலர், விற்றால் +3 டாலர் என்று இருக்கிறது என்று வைப்போம். இரண்டையும் கூட்டுங்கள்: −6. பாதியாக்குங்கள்: 3. அதுதான் புரோக்கர் ஒவ்வொரு பக்கத்திலும் தனக்கு வைத்துக்கொள்ளும் தொகை. வட்டி விகிதம் எதுவும் தெரியாமலேயே இந்த எண்ணை எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் மைனஸ் என்றால் அவருடைய பங்கு வட்டி வித்தியாசத்தையே விழுங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு இரவுக்கு 3 டாலர் என்பது அற்பமாகத் தெரியலாம். வருடத்துக்கு 1,095 டாலர். 100 மடங்கு லெவரேஜில் அந்த லாட்டுக்கு நீங்கள் கட்டிய மார்ஜின் 1,100 டாலர். கட்டிய மார்ஜின் அளவுக்கே வருடம் ஒரு முறை எடுத்துக்கொள்கிறார்கள். பல இணையதளங்களில் ஸ்பிரெட் முதல் பக்கத்தில் இருக்கும், ஸ்வாப் விவரம் எங்கேயோ ஆழத்தில் இருக்கும்.

புதன்கிழமை மூன்று மடங்கு பிடிப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், அது ஏமாற்று இல்லை. கரன்சி டிரேடு இரண்டு வேலை நாளில் தீரும். புதன் இரவைத் தாண்டும்போது தீர்வு நாள் வெள்ளியிலிருந்து திங்களுக்குப் போகிறது, அதனால் சனி ஞாயிறுக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். வட்டி கூடாது என்று நம்பும் முஸ்லிம் நண்பர்களுக்காக "ஸ்வாப் இல்லாத கணக்கு" தருவார்கள். அதில் சில நாள் கழித்து "நிர்வாகக் கட்டணம்" வருகிறதா, ஸ்பிரெட் அதிகமா என்று பாருங்கள். ஒருவருடைய மார்க்க நம்பிக்கைக்காக எடுத்த கணக்கில் அதே பணத்தை வேறு பெயரில் வாங்குவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

படி 5: ஸ்லிப்பேஜ் இரண்டு பக்கமும் வருகிறதா?

நீங்கள் அழுத்திய விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப்பேஜ். வேகமான சந்தையில் அது இயல்பு. ஆனால் சில நேரம் உங்களுக்கு எதிராக, சில நேரம் சாதகமாக, இரண்டு விதமாகவும் வரவேண்டும். எதிராக மட்டுமே வந்தால் அது கட்டணம்தான், எந்தப் பட்டியலிலும் எழுதாத கட்டணம்.

இப்படி நடந்ததற்கு ஆதாரம் உண்டு. 2011 அக்டோபரில் அமெரிக்காவில் ஃபாரெக்ஸ் புரோக்கர்களைக் கண்காணிக்கும் சிஎஃப்டிசி ஆணையம் எஃப்எக்ஸ்சிஎம் என்ற பெரிய புரோக்கர் மீது நடவடிக்கை எடுத்தது. விலை வாடிக்கையாளருக்குச் சாதகமாக நகர்ந்தபோது அந்த லாபம் அவருக்குப் போகவில்லை, பாதகமாக நகர்ந்தபோது நஷ்டம் மட்டும் அவருக்குப் போனது. வாடிக்கையாளர்களுக்கு சுமார் 82 லட்சம் டாலர் திருப்பித் தரவும், 60 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் உத்தரவானது.

உங்கள் கணக்கில் சோதிக்க நூறு ஆர்டரை எடுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்ட விலை, கிடைத்த விலை, வித்தியாசம். சாதகமானவை எத்தனை, பாதகமானவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்குப் பாதி அச்சாக வராது. 90 பாதகம், 2 சாதகம் என்று வந்தால் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு புரோக்கருக்கு எழுதிக் கேளுங்கள்.

படி 6: உங்கள் டிரேடின் எதிர்ப்பக்கம் யார்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, இதற்கும் அதே எஃப்எக்ஸ்சிஎம்-தான் பாடம். அந்த நிறுவனம் தன்னை "நோ டீலிங் டெஸ்க்" என்று விளம்பரம் செய்தது. அதாவது உங்களுக்கு எதிராக நாங்கள் நிற்பதில்லை, உங்கள் ஆர்டர் வெளியே வங்கிகளுக்கும் சுதந்திரமான விலை தருபவர்களுக்கும் போகிறது, எங்களுக்கும் உங்களுக்கும் நலன் முரண்பாடு இல்லை என்று. மக்கள் அதை நம்பி வந்தார்கள்.

2017 பிப்ரவரி 6 அன்று சிஎஃப்டிசி வெளியிட்ட உத்தரவு வேறு கதை சொன்னது. அந்த ஆர்டர்களில் பெரும் பங்கு எஃபெக்ஸ் கேப்பிட்டல் என்ற நிறுவனத்துக்குப் போனது. அது எஃப்எக்ஸ்சிஎம்-க்குள்ளேயே முளைத்து வெளியே வைக்கப்பட்ட நிறுவனம். வாடிக்கையாளர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று எஃபெக்ஸ் சம்பாதித்த லாபத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் திரும்ப எஃப்எக்ஸ்சிஎம்-க்கே வந்தது. 2014 வரை அப்படி வந்தது 7.7 கோடி டாலருக்கு மேல். வாடிக்கையாளர் பார்த்த கட்டணப் பட்டியலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிறுவனமும் அதன் நிறுவனர்களான ட்ரோர் நிவ், வில்லியம் ஆடூட் இருவரும் 70 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டு, குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் வழக்கை முடித்தார்கள். அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கணக்குகள் கெய்ன் கேப்பிட்டல் என்ற போட்டி நிறுவனத்துக்குக் கைமாறின. பெயரை குளோபல் புரோக்கரேஜ் என்று மாற்றிக்கொண்ட தாய் நிறுவனம் அதே வருடம் டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. 7.7 கோடிக்கு 70 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: "ஆர்டர் நிறைவேற்றும் கொள்கை" (Order Execution Policy) என்ற ஆவணத்தைத் திறந்து, "பிரின்சிபல்", "கவுண்டர்பார்ட்டி" என்ற சொற்களைத் தேடுங்கள். "உங்கள் எல்லா டிரேடுக்கும் நாங்களே எதிர்த்தரப்பு" என்று எழுதியிருந்தால் அவர் மார்க்கெட் மேக்கர். அது சட்டவிரோதம் இல்லை, வெளிப்படையாகச் சொன்னால் தப்பும் இல்லை. முதல் பக்கத்தில் "நாங்கள் எதிரே நிற்பதில்லை" என்று போட்டுவிட்டு, 23-ஆம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தால் அங்கிருந்து விலகுங்கள். அப்புறம் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் ஆர்டர் யாருக்குப் போகிறது? அவரிடமிருந்து உங்களுக்குப் பணம் வருகிறதா? அவருடைய நிறுவனத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா? சாட்டில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

படி 7: உங்களை அழைத்து வந்தவருக்கு என்ன கிடைக்கிறது?

டெலிகிராமில் இலவச சிக்னல் தருபவர் ஒரு லிங்க் கொடுத்து, "இதில் கணக்கு திறந்தால் போதும், எனக்கு ஃபீஸ் வேண்டாம்" என்பார். பல நேரம் அவர் அந்த புரோக்கரின் முகவர். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் லாட் கணக்கில் அவருக்குப் பணம். லாட்டுக்கு 5 டாலர் என்றால் அது உங்கள் ஸ்பிரெட்டில் 0.5 பிப். அவர் நிறைய சிக்னல் தருவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். என் மச்சினனை அழைத்து வந்தது கூடத் தங்கியிருந்த ஒரு நண்பர். அந்தப் பையனுக்கும் இது முழுதாகப் புரிந்திருக்கவில்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தான்.

போனஸும் இதே வகைதான். 100 டாலர் போனஸ், எடுக்க வேண்டுமானால் 50 லாட் டிரேடு செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், 1.4 பிப்பில் 700 டாலர் கட்டணம் கட்டி 100 டாலர் வாங்குகிறீர்கள். மற்றபடி செயல்படாத கணக்குக் கட்டணம், பணம் எடுக்கும் கட்டணம், கரன்சி மாற்றும் விகிதம் ஆகிய மூன்றையும் கணக்கு திறக்கும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சின்னத் தொகை ஒன்றைப் போட்டு, உடனே திரும்ப எடுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

படி 8: ஒரு தாளில் எழுதி வையுங்கள், தேவைப்பட்டால் புகார் கொடுங்கள்

மாதக் கடைசியில் ஐந்து எண்கள்: மொத்த லாட், சராசரி ஸ்பிரெட்டால் போனது, கமிஷன், ஸ்வாப், பணம் போட்டு எடுத்த செலவு. கூட்டி, கணக்கில் இருக்கும் பணத்தால் வகுங்கள். என் மச்சினனுக்கு நான்கு மாதத்தில் 777-ஐ 1,500-ஆல் வகுத்தால் 52 சதவீதம் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

விளம்பரத்தில் சொன்னதும் உங்கள் தாளில் வந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கட்டணப் பக்கத்தைச் சேமியுங்கள், அவை சத்தமில்லாமல் மாறும். முதலில் புரோக்கருக்கே எழுத்தில் புகார். பிரிட்டனில் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வர வேண்டும், வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஆம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம், இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஆஸ்திரேலியாவில் ஏஎஃப்சிஏ என்ற நிதிப் புகார் அமைப்பு. அமெரிக்காவில் இந்தத் துறையைக் கண்காணிக்கும் என்எஃப்ஏ அமைப்பின் பேசிக் (BASIC) என்ற தேடுதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் பழைய நடவடிக்கைகள் எல்லாம் வரும். புகார் கொடுக்க மட்டுமல்ல, கணக்கு திறக்கும் முன்பே இதைப் பாருங்கள். இந்தியாவில் இருந்துகொண்டு பணத்தைப் பறிகொடுத்திருந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள், பணம் கைமாறி எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அதை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.